ஆரஞ்சுக்கு ஒரு தொப்பி

"ஏண்ணே, ஆரஞ்சுப் பழத்துக்குக்கூடவா குளிரும்?"

அவள் கேட்டதும் வார்டு உதவியாளர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். மடியில் சிவப்பு நூல்கண்டு, கையில் குரோஷா ஊசி. பின்னிக்கொண்டிருந்த குட்டித் தொப்பியை ஓர் ஆரஞ்சுப் பழத்தின் தலையில் மாட்டி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறடியைத் தாண்டி வளர்ந்த ஆள். வார்டில் எல்லோருக்கும் அவர் 'ஏணி'தான்.

"குளிருதோ இல்லையோ, அளவு சரியா இருக்கணும்ல?"

அவசரப்பட்டுக் குறைமாதத்திலேயே பிறந்துவிட்ட குழந்தைகளுக்கான வார்டு அது. கதவுக்கு அந்தப் பக்கம், கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் மகள். இந்தப் பக்கம், அம்மாக்கள் காத்திருக்கும் கூடத்தில் ஒரு கிறிஸ்துமஸ் மரம். மணி இல்லை, மின்விளக்கு இல்லை. மரம் முழுக்கக் குரோஷாத் தொப்பிகள். நட்சத்திரம் இருக்க வேண்டிய உச்சியில்கூட ஒரு தொப்பிதான். அதுவும் சாயம் போய், என்ன நிறமென்றே தெரியாத ஒன்று.

வந்த புதிதில் அந்த மரத்தைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளை பிழைக்குமா பிழைக்காதா என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இடத்தில் அலங்காரம் ஒரு கேடா? ஆனால் ஏணியிடம் அவளால் கோபமாக இருக்க முடியவில்லை. "உங்க பொண்ணு இன்னைக்குக் காலால உதைக்கிறாம்மா, பெரிய ரவுடியா வருவா" என்று உள்ளிருந்து சேதி கொண்டுவருவது அவர்தான். அந்த ஒரு சேதிக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்றிருக்கும் அவளுக்கு.

"மரத்துல தொங்கறதுக்கு எதுக்குண்ணே அளவு?"

"கொஞ்சம் பெரிசாப் போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஏணி கடைசிச் சுற்றை உருவிப் பிரித்தார். கூடைக்குள் கைவிட்டு, இன்னும் சின்னதாக ஓர் ஆரஞ்சைத் தேடி எடுத்தார்.

"பேசாம உச்சியில இருக்கறதைக் கழட்டிட்டு இதை மாட்டிடுங்க. அது அழுது வடியுது."

"ஐயோ! அதைத் தொட்டா பெரிய சிஸ்டர் என் கையை ஒடிச்சிடுவாங்க. வருஷாவருஷம் அவங்களேதான் ஸ்டூல் போட்டு ஏறி மாட்டுவாங்க. என்னைக்கூட விடமாட்டாங்க."

"ஏணியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஸ்டூலா?"

சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டோமே என்று உடனே மனசு உறுத்தியது.

கதவு திறந்தது. பெரிய சிஸ்டர். குட்டையான உருவம், தலை முழுக்க நரை. என்ன சேதியோ என்று அவள் எழுந்து நின்றாள்.

"ஏணி, ஆச்சாடா?"

"இதோ, முடிச்சுப் போட்டா ஆச்சு சிஸ்டர்."

"வெந்நீர்ல அலசிக் காயப் போடு. சாயங்காலம் போட்டுடலாம்." சிஸ்டர் அவள் பக்கம் திரும்பினார். "உங்க பொண்ணுக்குத்தாம்மா. டாக்டர் சரின்னுட்டார். இன்னைக்குப் பெட்டியை விட்டு வெளியே வர்றா. தொப்பி போட்டு உங்க நெஞ்சுல படுக்க வைக்கப் போறோம்."

அவள் மெல்ல மரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப இதெல்லாம்..."

"எல்லாம் பிள்ளைங்க போட்ட தொப்பிங்கதான். வீட்டுக்குப் போற அன்னைக்குக் கழட்டி இங்க மாட்டிட்டுத்தான் போகணும். முன்னாடியே சொல்லி யாருக்கும் ஆசை காட்டறதில்லை."

மரம் நிறைய, வீடு போய்ச் சேர்ந்த பிள்ளைகள். அவள் சிஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"உங்களுக்கெல்லாம் நான் என்ன கைம்மாறு செய்யப் போறேன் சிஸ்டர்?"

"முதல்ல கண்ணைத் துடைங்க. பிள்ளையைத் தூக்கற கை நடுங்கக் கூடாது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் மறுபடி அண்ணாந்து பார்த்தாள். "உச்சியில இருக்கறது?"

"அதுவா? நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல பின்னின முதல் தொப்பி. அளவு பார்க்க எடுத்த ஆரஞ்செல்லாம் பெரிசாப் போச்சு, அவ்வளவு சின்னத் தலை. தேறாதுன்னு எல்லாரும் கைவிட்ட பிள்ளை."

"இப்ப... அந்தப் பிள்ளை எங்க இருக்கு?" பயந்துகொண்டேதான் கேட்டாள்.

சிஸ்டர் சிரித்துக்கொண்டே வாசல் பக்கம் திரும்பினார். முடித்த தொப்பியை அலசுவதற்காகக் கையில் ஏந்திக்கொண்டு, கதவு நிலைக்குக் குனிந்து வெளியே போய்க்கொண்டிருந்த ஏணியைப் பார்த்து, "மெதுவாடா, தலை பத்திரம்!" என்று குரல் கொடுத்தார்.