பரிந்து பேசுகிறவர்

சுரங்க ஷாஃப்டுக்குள் கல் சரிந்து செத்த புருஷனைத் தங்கவயல் கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் இறக்கிய பிறகும் சவரியம்மாவுக்கு அழுகை வரவில்லை.

"அந்தோணியார்கிட்ட வேண்டிக்கோம்மா. உன் புருஷனுக்காக அவர் ஆண்டவர்கிட்ட பேசுவார்" என்றார் பங்குச் சாமியார்.

"நானே நேரா ஆண்டவர்கிட்ட கேட்டா ஆவாதா சாமி?"

"கேட்கலாம். ஆனா துரைகிட்ட ஒரு காரியம்னா நீ நேராவா போறே? மேஸ்திரியை விட்டுத்தானே பேசச் சொல்றே?"

"ஆமா சாமி. இவருக்கு இருமல் தாங்கல, சுரங்கத்துக்கு மேல வேலை வாங்கிக் குடுங்கன்னு போன மாசம் மேஸ்திரி கால்ல விழுந்தேன். அவரும் துரைகிட்ட பேசினாரு. வேலையும் கெடைச்சுது."

"அப்புறம் அவன் ஏம்மா கீழே இறங்கினான்?"

"வேலை கெடைச்சது மேஸ்திரி மச்சானுக்கு."

ஒரு கைப்பிடி மண்ணைக் குழிக்குள் போட்டுவிட்டுக் கேட்டாள்:

"அந்தோணியாருக்கு மச்சான் யாராச்சும் இருக்காங்களா சாமி?"