கட்டிலுக்கு முதுகைக் காட்டி

கட்டிலுக்கு முதுகைக் காட்டி, வார்டு வாசலைப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

“பெரியவரே, இவருக்குக் காய்ச்சல் இறங்கிடுச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க,” என்றார் டாக்டர்.

“மாட்டேன். மலேரியா முத்தப் போகுதுன்னு ரத்தம் சொல்லுது.”

“ரத்தத்துல கிருமி கொஞ்சம்தானே இருக்கு?”

“கிருமியை விடுங்க. அதோட மல்லுக்கட்ட உடம்பு கிளப்பிவிடற புரதம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. ஆய்வுக்கூடத்துல வேலை செய்யற என் மகளே பார்த்திருக்கா.”

“அது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. அதை நம்பிப் படுக்கை தர முடியாது. ஆமா, நீங்க இவருக்கு என்ன வேணும்?”

“அது உங்களுக்கு எதுக்கு? எங்க வீட்டுப் பொண்ணு சொன்னா சரியா இருக்கும். முடிஞ்சா என்னை நாற்காலியோட தூக்கி வெளியே போடுங்க.”

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் பின்னால் கட்டில் தடதடத்தது. வலிப்பு. டாக்டர் ஓடி வந்தார். ஊசி போட்டார்கள், பிராணவாயு வைத்தார்கள். அந்த மூச்சு சீராகும்வரை எனக்கும் மூச்சு வரவில்லை.

“வீட்டுல இருந்திருந்தா பிழைச்சிருக்க மாட்டார்,” என்றார் டாக்டர். “இவ்வளவு சண்டை போட்டீங்க, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கலையே?”

அப்போதுதான் வந்து சேர்ந்த மகள் பதில் சொன்னாள்.

“இவர் என்னைக் கட்டிக்கிட்ட அன்னைக்கு, ‘அவன் முகத்துல முழிக்க மாட்டேன்’னு அப்பா சபதம் பண்ணினார், டாக்டர். அப்பா, இப்பவாவது திரும்புங்களேன்.”

“நம்ம வீட்டுல சொன்ன சொல் மாறாது. நான் திரும்ப மாட்டேன்,” என்றேன். “எழுந்து நடக்க ஆரம்பிச்சதும், மாப்பிள்ளையை என் முன்னால வந்து நிக்கச் சொல்லு.”