பைப்பில் ஏறிய நீலம்

"ஜெனிட்டா! வந்து இத பாரு!"

ஜான்சன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய்கூட எட்டிப் பார்த்தது. சர்ச்சிலிருந்து வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் புல்லட் முன்னால் குந்தியிருந்தான்.

இஞ்சினிலிருந்து இறங்கும் சைலன்சர் பைப், கழுத்துக்கிட்டே நீலம் பாய்ந்து கிடந்தது. நீலத்தைச் சுற்றி ஊதா, அதைச் சுற்றிக் கருகின தேன் நிறம்.

"போன ஞாயித்துக்கிழமைதான தேச்சேன்? குரோம் கண்ணாடி மாதிரி இருந்துது. யாரு வண்டிய எடுத்தது?"

"யாரும் எங்கியும் எடுத்துகினு போவலியே" என்றாள் அவன் மனைவி ஜெனிட்டா, மாவுக் கையோடு.

"அது தெரியுது. கிலோமீட்டர் ஏறல. பைப் மட்டும் வெந்துகீது. ஓடுற வண்டின்னா காத்து அடிக்கும், பைப் ஆறும். நிக்க வெச்சே ஓட்டுனாதான் இப்டி ஆவும். உன் தம்பிதான? வண்டிய உறும வுட்டு வீடியோ எடுத்துகினு..."

"கிருபா இந்தப் பக்கம் வந்தே ஒரு மாசம் ஆவுது."

ஜான்சன் நம்புகிற ஆளா? மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தான். சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினான். பாலிஷ் பசையைப் பழைய வேட்டித் துணியில் தொட்டு, ஒரு கை விட்டுப்போனால் மறு கையால் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்கக் கோபம் போய், அப்பா வந்தார்.

லைன்மேன் வரதன். டேங்க் மேல் ஜான்சன், பின்னால் அம்மா என்று சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து கடப்பாக்கத்து மாமா வீடு வரைக்கும் இதே வண்டியில்தான் போவார்கள். மதுராந்தகம் ஏரிக்கரையில் நிறுத்தி ஆளுக்கொரு டீ. இறங்கும்போது பைப் பட்டுச் சுட்ட தழும்பு அம்மா காலிலும் உண்டு, ஜான்சன் காலிலும் உண்டு. எத்தனை நல்ல நாட்கள்!

"நிக்க வெச்சு உறுமாதடா, பைப் நீலமாய்டும்" என்று மகனை அதட்டுவார் வரதன். அப்படிச் சொல்கிற மனுஷன், மத்தியானம் சாப்பிட வரும்போது வாசலில் நின்று தான் மட்டும் ரெண்டு முறுக்கு முறுக்குவார். அது அம்மாவுக்கு. வந்துட்டேன், சோத்தைப் போடு என்று அர்த்தம்.

அவர் போய் ரெண்டு வருஷமாகிறது. இந்த பைப் பளபளவென்று இருந்தால் ஜான்சனுக்கு அப்பாவே வீட்டில் இருக்கிற மாதிரி.

ஒருவழியாக நீலம் போனது. நாலாவது உதையில் வண்டியைக் கிளப்பி, தெருவை ஒரு சுற்று சுற்றி வந்து நிறுத்திவிட்டு உள்ளே போனான். அவன் தலையைப் பார்த்ததும் அம்மா செங்கம்மாள் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு மீன் குழம்பும் சோறுமாக வயிறாரச் சாப்பிட்டாள்.

"பாத்தியா? நான் வூட்ல இருந்தா அம்மா எப்டி சாப்புடுது! நீ இன்னாடான்னா, சாப்புட மாட்டேங்குறாங்க, ஞாபகம் தப்புது, டாக்டராண்ட இட்டுகினு போலாம்ங்கிற. எங்கம்மாவுக்குப் பைத்தியப் பட்டம் கட்டப் பாக்குற."

ஜெனிட்டா குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ஏற்கெனவே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது போதாதா?

மறுநாள் காலை ஜான்சன் புல்லட் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பினான். ஜெனிட்டா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"சாவிய வெச்சிட்டுப் போங்க."

"எதுக்கு? உன் தம்பிக்கா?"

அவள் பதில் சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

சாயங்காலம் அவன் திரும்பியபோது அம்மாவின் தட்டில் சோறு போட்டது போட்டபடி காய்ந்து கிடந்தது. அம்மா உதடு வறண்டு, வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜான்சன் அந்தத் தட்டைத் தூக்கி ஜெனிட்டா முன்னால் நீட்டினான்.

"நான் வேலைக்குப் போனா எங்கம்மாவப் பட்டினி போடுவியா நீ? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

"சாவிய குடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். வாங்கிக்கொண்டு வெளியே போனாள். புடவையை இழுத்துச் செருகினாள். ஒரே உதை. புல்லட் டப் டப்பென்று கிளம்பிவிட்டது. பின்னாலேயே கத்திக்கொண்டு வந்த ஜான்சன் வாசப்படியிலேயே நின்றுவிட்டான்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஜெனிட்டா! உன் மாமனாரு வந்துட்டாரு. எம்மாம் நேரம் பண்ணிட்டாரு இன்னிக்கி! சூடா சோத்தைப் போடு, பசிக்குது."

ஜான்சன் திகைத்துப்போய் சாவியைத் திருப்பக் கையை நீட்டினான். ஜெனிட்டா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்தாதீங்க. அத்தை சாப்ட்டு முடிக்கிற வரைக்கும் ஓடணும். சத்தம் நின்னு ஆளு உள்ள வரலன்னா, சோத்துலேர்ந்து எழுந்துடுவாங்க. ஞாயித்துக்கிழமைன்னா நீங்க உள்ள வர்றீங்க. மத்த நாளு யாரு வருவா?"

ஜான்சன் பைப்பைப் பார்த்தான். நேற்று அவன் தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் லேசாகத் தேன் நிறம் ஏறிக்கொண்டிருந்தது.

"நீ போய் சோறு போடு" என்றான். "நான் இங்க நிக்கிறேன்."

அவள் உள்ளே போனதும் ஆக்சிலரேட்டரைப் பிடித்து ரெண்டே ரெண்டு முறுக்கு முறுக்கினான்.

உள்ளே அம்மா கலகலவென்று சிரித்தாள்.

"கேட்டியா ஜெனிட்டா? இன்னிக்கிதான் என்னைக் கூப்புட்றாரு. இத்தினி நாளா எம்மேல இன்னா கோவமோ!"