எதிர்த்துப் பேசும் ஒயர்

“கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லிடறேன்மா,” என்றார் கோவிந்தசாமி. “இது லண்டன்ல செஞ்ச வால்வு ஆம்ப்ளிஃபையர். அறுபத்தஞ்சு வருஷம் ஆவுது. பத்து நாளா ஒரே கத்து. கடலூர்லேர்ந்து ஒருத்தரு, பாண்டிலேர்ந்து ஒருத்தரு பார்த்தாச்சு. அவங்களாலயே முடியல.”

சுவிட்சைப் போட்டார். நாலு கண்ணாடி வால்வும் ஆரஞ்சு நிறத்தில் சூடேறின. அரை நிமிடம்தான். அப்புறம் ஸ்பீக்கர் ஊளையிட்ட ஊளையில் அலமாரியில் இருந்த பீங்கான் பொம்மைகள் எல்லாம் கிணுகிணுவென்று ஆடின. தெருவில் போன இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

அவசரமாக அணைத்தார். “புது வால்வும் போட்டாச்சு. அப்பவும் இதே கதைதான். பாண்டிக்காரன் ஒயரிங்கப் பார்க்கலாமான்னு கேட்டான். வெள்ளைக்காரன் போட்ட ஒயர்ல குத்தம் கண்டுபிடிக்க நீ யாருடான்னு அனுப்பிட்டேன்.”

வேல்விழி பையைத் திறந்தாள். மங்கலம்பேட்டை ரோட்டில் ரேடியோ சர்வீஸ் கடை வைத்து ஆறு வருடம் ஆகிறது. இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்காது. இவர் மனைவி ஆண்டாள் ஃபோன் செய்து வரச் சொன்னாள், இவள் வந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

ஆனால் மனுஷன் விடுகிற மாதிரி இல்லை. “பொம்பள மெக்கானிக் ஒருத்தி இருக்காளாம்னு, இந்தா நிக்கிறாளே எம் பொண்டாட்டி, இவதான் சொன்னா. எம் பொண்ணு வெண்பாவுக்கும் அதே கிறுக்கு. பாலிடெக்னிக்ல எலெக்ட்ரானிக்ஸ் சீட்டு வந்திருக்குது. நாளையோட கடைசி. கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன். ஈயம் உருக்குற சால்ட்ரிங் கம்பி புடிக்கிற வேலையெல்லாம் பொம்பளைங்களுக்கு ஒத்து வராதும்மா.”

கதவோரம் பதினேழு வயசு வெண்பா கண் சிவந்து நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் வேல்விழிக்குச் சுருக்கென்றது.

“சார், இதை நான் பாட வச்சுட்டா கையெழுத்துப் போடுவீங்களா?”

கோவிந்தசாமி சிரித்தார். “நீ பாட வை, இப்பவே போடறேன். முடியலைன்னா இவ பி.காம்தான். இதெல்லாம் நமக்கு ஆவாதுன்னு நீயே அவகிட்ட சொல்லிட்டுப் போவணும்.”

“சரிங்க சார். ஆனா நான் எங்க வேணா பிரிச்சுப் பார்ப்பேன். நீங்க குறுக்க வரக்கூடாது.”

வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். தோற்றால் அவளோடு போகாது, அந்தப் பெண்ணின் படிப்பும் சேர்ந்து போகும்.

பிளக்கைப் பிடுங்கி, உள்ளே தேங்கியிருந்த கரண்டை இறக்கிவிட்டு, பெட்டியைக் கவிழ்த்தாள். அடியில் ஒரே ஒயர்க் காடு.

“இந்தா, டார்ச்சப் புடி,” என்று மனைவியை ஏவினார் கோவிந்தசாமி. “இருபது வருஷமா நான் எதைப் பிரிச்சாலும் இவதான் டார்ச்சு. புடிச்சாள்னா ஆடாது, அசங்காது. அந்த மட்டும் பரவால்ல.”

ஆண்டாள் டார்ச்சைப் பிடித்தாள். வேல்விழி வால்வுக் குழிகளைப் பார்த்தாள். வெளிச்சம் அங்கே நிற்கவில்லை. கண்டென்சரைத் தொட்டாள், அங்கேயும் நிற்கவில்லை.

“அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டுங்க.”

“கை வலிக்குதும்மா,” என்ற ஆண்டாள், டார்ச்சை டிரான்ஸ்ஃபார்மர் ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டாள்.

சலிப்போடு அந்த ஓரத்தைப் பார்த்த வேல்விழி அப்படியே குனிந்தாள். மங்கிப்போன பழைய ஈயத்துக்கு நடுவில் இரண்டு பொட்டு மட்டும் புது ஈயமாகப் பளிச்சென்று இருந்தது.

“சார், டிரான்ஸ்ஃபார்மர்லேர்ந்து ஸ்பீக்கருக்குப் போற ரெண்டு ஒயரும் எடம் மாறி இருக்குது.”

“மாறினா என்ன? ஸ்பீக்கரு எப்படிக் குடுத்தாலும் பாடுமே.”

“பாடுங்க. ஆனா வெளிய போற சத்தத்துல ஒரு துளிய எடுத்து இங்கேர்ந்து மறுபடி உள்ள அனுப்புறாங்க. அது உள்ள வர்றத எதுத்து நிக்கணும். அப்பத்தான் பிசிறு அடங்கி பாட்டு சுத்தமா வரும். வெள்ளைக்காரன் டிசைன்ல சூட்சுமமே அதுதான். ஒயரு மாறினதால, எதுக்க வேண்டியது ஆமாஞ்சாமி போட்டுட்டு இருக்குது.”

“அதுக்கு?”

“எதுத்துப் பேச உள்ள ஒருத்தர் இருக்கணும் சார். எல்லாரும் ஆமாம் போட்டா இப்படித்தான் கத்தும்.”

கோவிந்தசாமி முறைத்தார். முறைத்தால் முறைக்கட்டும் என்று வேல்விழி இரண்டு ஒயரையும் பிரித்து, இடம் மாற்றி, ஈயம் வைத்தாள்.

சுவிட்சைப் போட்டாள். வால்வுகள் சூடேறின. அரை நிமிடம் போனது, ஒரு நிமிடமும் போனது. ஊளையைக் காணோம். பக்கத்து ரெக்கார்டு பிளேயரில் இருந்த இசைத்தட்டில் முள்ளை வைத்ததும் நாதஸ்வரம் வீடு நிறையக் கிளம்பி வந்தது.

கோவிந்தசாமி ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். அப்புறம் மேசைமேல் கிடந்த அட்மிஷன் ஃபாரத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். சொன்ன சொல் தவறாத மனுஷன்தான், மூஞ்சியைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. வெண்பா ஃபாரத்தை வாங்கிக்கொண்டு ஓடியே போனாள்.

வாசல் வரைக்கும் வழியனுப்ப வந்த ஆண்டாளிடம், செருப்பை மாட்டிக்கொண்டே வேல்விழி குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, அந்த ஒயரு தானா மாறாது. வேலை தெரிஞ்ச யாரோதான் மாத்தி ஈயம் வச்சிருக்காங்க. சாருக்கு ஆவாதவங்க யாராச்சும் வூட்டுக்கு வந்தாங்களா?”

ஆண்டாள் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“யாரும் வரல கண்ணு. ஒரு பொம்பள ரிப்பேரு பண்றத இவரு கண்ணால பாக்கட்டும்னு, பொண்ணுக்கு சீட்டு வந்த அன்னைக்கு நான்தான் மாத்தி வச்சேன்.”