கரை சேர்ந்தாளா?

இயக்குநர் வீட்டு அலமாரியில் ஒரு படப்பெட்டி இருந்தது. அதிலிருந்த படத்தை டெல்லியில் நடுவர்கள் பார்த்ததோடு சரி. எந்தத் தியேட்டரும் வாங்கவில்லை. பிறகு தேசிய விருதுப் பதக்கம் பக்கத்தில் வந்து குடியேறியது. வந்தவர்களெல்லாம் பதக்கத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டு, "படம் பிரமாதம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெட்டிக்கு மனசு விட்டுப்போயிற்று.

ஒரு சாயங்காலம், மஞ்சள் வெயில் அலமாரிக்குள் தண்ணீர் மாதிரி அசைந்தது. பதக்கம் மெதுவாகக் கேட்டது:

"அக்கா, என்னை எதுக்குக் கொடுத்தாங்கன்னு எனக்கே தெரியலை. உங்களுக்குள்ள என்னதான் இருக்கு?"

"ஒரு ஆறு. பரிசல்ல தனியா ஒரு பொண்ணு. நடு ஆத்துல மழை பிடிச்சுக்குது."

"ஐயோ! கரை சேர்ந்தாளா?"

பெட்டி பதக்கத்தின் பக்கம் திரும்பியது. இதுவரை அதை யாருமே கேட்டதில்லை.

"முதல்லேருந்து பார்த்தாத்தான் புரியும். கிட்ட வா," என்று மூடியைத் திறந்தது.