ஐந்தாவது வயர்

அவள் வயலினில் வில்லை இழுத்தாள். ஒலிபெருக்கியில் மணல் சலிக்கிற இரைச்சல் மட்டும் வந்தது.

மறுபடி இழுத்தாள்.

மறுபடியும் மணல்.

"அஞ்சாவது லைன் இன்னும் வரல சிஸ்டர்," என்றார் மைக் செட் சுடலைமுத்து. "இன்னொரு வயரு மாத்திப் பாக்கேன்."

அது மூன்றாவது வயர்.

மேடையில் ஐந்து பெண்கள் நின்றார்கள். ஐந்து பேர் தோளிலும் நீல நிற எலக்ட்ரிக் வயலின். பின்னால் டிரம்ஸ், ஒரு கித்தார். நாளை ஆண்டு விழா. கீர்த்தனைகளும் தேசிய கீதமும் வாசித்துக்கொண்டிருந்த பள்ளி இசைக்குழு நாளைக்கு ராக் வாசிக்கப் போகிறது. அதற்குத் தலைமையாசிரியை சிஸ்டரைச் சம்மதிக்க வைக்க இசை ஆசிரியை ஏஞ்சலின் மிஸ்ஸுக்கு ஒரு வருஷம் ஆனது.

முதல் நான்கு பேரும் தனித்தனியாக வாசித்துக் காட்டியாயிற்று. ஒவ்வொருத்திக்கும் அரங்கமே அதிர்ந்தது.

இவள் ஐந்தாவது.

வயலின் பள்ளிக்கூடத்துடையது. வில் இவளுடையது.

கோளாறு வில்லில்தான் என்பது அந்த அரங்கத்தில் ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஏழாம் வகுப்பில் ஒருநாள் ஏஞ்சலின் மிஸ் பாதி வாசிப்பில் கையைத் தட்டி நிறுத்தினார். "யாருட்டி அது, துருப்பிடிச்ச கதவைத் திறக்கது?" பிள்ளைகள் சிரித்தார்கள். மிஸ் யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. அப்புறம் மறந்தும் போயிருப்பார்.

இவள் மறக்கவில்லை.

அன்று சாயங்காலம் குளியலறையில் ஒரு ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்து வில்லில் கட்டியிருந்த குதிரை முடியை அலசினாள். பிசுபிசுப்பெல்லாம் போனது. அதற்குப் பிறகு அந்த முடிக்கு ரோசின் என்கிற பிசின்கட்டியைப் பூசவே இல்லை. ரோசின் இல்லாத வில் தந்தியின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். சத்தம் வராது.

இருபத்திரண்டு வயலின்களுக்கு ஒரே மைக் வைத்திருந்த காலம். ஒன்று குறைந்தால் யார் கண்டது.

வழுக்குகிற வில்லுக்குத் தடுமாற்றம் கிடையாது. "அவ கையைப் பாருங்க, எவ்வளவு நேரா போகுது," என்று மிஸ் மற்றவர்களுக்குக் காட்டினார். இரண்டே வருஷத்தில் கடைசி வரிசையிலிருந்து முதல் வரிசைக்கு வந்துவிட்டாள். வாயைத் திறக்காமலே நல்ல பேர் வாங்குகிறவர்கள் எல்லா இடத்திலும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

எலக்ட்ரிக் வயலினுக்கு ஆள் எடுத்தபோது முதல் பெயரே இவளுடையதுதான். இசை அறையில் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே சின்ன ஒலிப்பெட்டி. அங்கேயும் தப்பித்தாள்.

மேடையில் ஆளுக்கு ஒரு வயர் வரும் என்று யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது வயரும் மாட்டியாயிற்று.

மணல்.

"வெளியூர் ஆளைக் கூப்பிட்டிருக்கணும் மிஸ்," என்றார் சிஸ்டர். "பதினெட்டு வருஷமா வாறாரேன்னு பார்த்தது என் தப்பு."

மிஸ்ஸிடம்தான் சொன்னார். சுடலைமுத்துவுக்குக் கேட்கும்படி சொன்னார்.

மேடைக்கு அடியிலிருந்து அவர் தவழ்ந்து வெளியே வந்தார். சட்டையெல்லாம் தூசி. "என் வயரு அப்படிப் போகாது சிஸ்டர்," என்றார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. வயரின் முனையைக் கழற்றி வேட்டியில் துடைத்து, திரும்ப மாட்டினார்.

அவர் துடைத்ததைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. தப்பு இவளுடையது. வாங்கிக் கட்டிக்கொள்வது அவர். வெட்கமாக இருந்தது, ஏழாம் வகுப்பில் பட்ட வெட்கத்தைவிட அதிகமாக.

"நாளைக்கு நீங்க வர வேண்டாம்," என்றார் சிஸ்டர். "நாங்க பாத்துக்கிடுதோம்."

சுடலைமுத்து முதலில் கழற்றிப் போட்ட இரண்டு வயர்களையும் எடுத்தார். உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகச் சுருட்ட ஆரம்பித்தார்.

ஒரு சுற்று. இரண்டு சுற்று.

"பெனிட்டா, உன் ரோசினைக் குடு."

பக்கத்தில் நின்றவளிடம்தான் கேட்டாள். அரங்கம் முழுக்கக் கேட்டது.

பெனிட்டா விழித்தாள். "நீ பூசலியாட்டி?"

அவள் அதை வாங்கி வில்லில் பூசினாள். பத்து இழுப்பு. வெள்ளை வெளேரென்று இருந்த முடியில் பொடி ஏறியது. ஏஞ்சலின் மிஸ் அந்த முடியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷமும் சேர்ந்து புரிந்திருக்க வேண்டும். முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

வில்லை வைத்தாள்.

இழுத்தாள்.

பீரோ உயரத்துக்கு நின்ற இரண்டு பெட்டிகளிலிருந்தும் அது வந்தது. கரகரத்து, நடுங்கி, சுருதிக்குக் கொஞ்சம் தள்ளி. துருப்பிடித்த கதவுதான். டிரம்ஸ் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

அவள் வில்லை எடுத்துவிட்டாள்.

சுடலைமுத்து சுருட்டுவதை நிறுத்தினார். கையிலிருந்த வயர்களைப் பார்த்தார். அவள் வில்லைப் பார்த்தார். பிறகு சிஸ்டரைப் பார்த்தார்.

என் வயரில் ஒன்றுமில்லை என்று இப்போது சொல்லலாம். அதைச் சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

வயர்களைக் கீழே வைத்துவிட்டு சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸருக்குப் போனார். ஐந்தாவது குமிழில் விரலை வைத்தார்.

இறக்கப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"ஏம்மா நிறுத்திட்ட," என்றார். "இப்பதான வந்துருக்கு. இன்னும் கொஞ்சம் வாசி, லெவல் பாக்கணும்."

அவள் பெனிட்டாவின் ரோசினைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பைக்குள் போட்டுக்கொண்டு, வில்லை வைத்தாள்.