காதுக்குப் பின்னால் நீலம்

ஃப்ரிட்ஜைத் திறந்த கனகலட்சுமிக்குச் சுரீரென்றது. தம்பி மகள் கல்யாணத்துக்குள் முகம் பளபளக்க வேண்டுமென்று ஆன்லைனில் ஆசையாக வரவழைத்த நீல நிறக் காப்பர் பெப்டைடு சீரம். அவள் தொடுவதற்கு முன்பே சீல் உடைந்திருந்தது.

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் விருமாண்டியின் காதுக்குப் பின்னால் நீலக் கறை!

"ஏங்க, அம்பது வயசுக்கு மேல யாருக்குக் காட்ட இந்த மினுக்கு?"

"சும்மா... லேசாத்தான் தடவுனேன்."

"பவுடர்கூடப் பூசாத மனுசன்! என் பாட்டிலப் பாத்ததும் மாப்பிள்ளை ஆசை வந்திருச்சாக்கும்!"

விருமாண்டி காதைச் சொறிந்தார். கனகலட்சுமி கிட்டே போய்ப் பார்த்தாள். கறையைச் சுற்றித் தோல் தடித்துச் சிவந்திருந்தது.

"அய்யய்யோ! ஒங்க எருமைத் தோலே இம்புட்டுத் தடிச்சிருக்கே! யாரு இதப் பூசச் சொன்னா?"

ஓடிப்போய்த் துணியை நனைத்து வந்து துடைத்துவிட்டாள். விருமாண்டி சுகமாகக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டார்.

"அந்தப் பாட்டில்ல கம்பெனி அட்ரஸும் இல்ல, தேதியும் இல்ல கனகு. சோழவந்தான்ல நம்ம வெத்தலைக் கொடிக்காலுக்குப் புது மருந்து வாங்குனா அப்பா என்ன செய்வாரு? மொதல்ல ஒரு கொடிக்கு மட்டும் அடிச்சுப் பாப்பாருல்ல?"

"அதுக்கு?"

"ஒரு கொடி கருகுனா கருகிட்டுப் போகுது. தோட்டம் தப்பிச்சிருச்சுல்ல?"